மூன்றாம் கொத்து

வேலைக்குப் போன அண்ணி பகல் பன்னிரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து நின்றாள். சாதாரணமாக அவள் வருவதற்கு ஆறரை ஆகிவிடும். கைப்பையை நாற்காலியில் எறிந்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினாள். பிறகு ஈரக்கையோடு வந்து, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நாத்தனாரின் முன்னால் ஒரு தாளைப் போட்டாள்.

“படி.”

தாளில் நான்கே வரி, அடியில் சலவை ஆலையின் முத்திரை. உடல்நல மதிப்பீட்டின்படி தாங்கள் வெப்பமான சூழலில் பணிபுரியத் தகுதியற்றவராகக் கண்டறியப்பட்டிருக்கிறீர்கள், ஆகவே இன்று முதல் தங்கள் பணி நிறுத்தப்படுகிறது என்று இருந்தது.

“என்ன அண்ணி இது? எந்த டாக்டர் வந்து பாத்தாரு?”

“டாக்டரா?” அண்ணி சிரித்தாள். அது நல்ல சிரிப்பாக இல்லை. “டாக்டர் எதுக்கு? நீதான்டி பாத்த. மூணு வாரமா என் நாடியப் பிடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தது நீதானே?”

அந்த ஆலையில் அறுபத்து நான்கு பேர் வேலை செய்தார்கள். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, அறுவைச் சிகிச்சைப் பச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்புகள் உருளை இஸ்திரிக்குப் போகும். உருளை என்றால் ஒரு வேன் நீளத்துக்குக் கொதிக்கிற இரும்பு. ஒரு பக்கம் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும், மறுபக்கம் அது அப்பளமாய்க் காய்ந்து வரும்போது வாங்கி மடிக்க வேண்டும். அப்படி இரண்டு உருளைகள். முதலாவது சரக்கு வாசலை ஒட்டி இருந்தது. இரண்டாவது பின்சுவர் மூலையில், ஜன்னல் இல்லாத இடத்தில்.

நாத்தனார் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் புள்ளியியல் ஆய்வாளர். வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் அண்ணியோடுதான் இருந்தாள். சூட்டில் வேலை செய்கிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு ரப்பர் பட்டை. நாடித் துடிப்பையும் தோலின் சூட்டையும் நிமிடத்துக்கு ஒரு தரம் அளந்து அது அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த ஆலையில் செய்வது என்று பேராசிரியர் தேடிக்கொண்டிருந்தபோது, “எங்க அண்ணி வேலை செய்யிற இடம் இருக்கு சார்” என்று வாயைத் திறந்தவள் இவள்தான்.

பட்டையைக் கட்டிக்கொள்ள முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. “கக்கூஸ் போறதையும் இது எண்ணுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். அண்ணிதான் மடிப்பு மேசை மேல் ஏறி நின்று, “என் நாத்தனார்தான். நம்ம வீட்டுப் புள்ள. நம்ம நல்லதுக்குத்தான் சொல்லும், கட்டுங்க” என்றாள். கட்டினார்கள். மறுநாளிலிருந்தே இவளுக்கு ‘வளையல்காரி’ என்று பெயர் விழுந்தது. “வளையல்காரி வந்தாச்சு, கையை நீட்டுங்கடி” என்று அவர்கள் கத்தும்போது இவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

மூன்று வாரத் தரவு சேர்ந்தது. வளையல்காரி அதைக் கணினியிடம் கொடுத்து, ஒன்றைப்போல் ஒன்று இருக்கிற உடம்புகளைத் தனித்தனிக் கொத்தாகப் பிரி என்றாள். துடிப்பு எவ்வளவு ஏறுகிறது, உட்கார்ந்தால் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது, தோல் எவ்வளவு சுடுகிறது. இவ்வளவுதான் கணினிக்குத் தெரியும். அது மூன்று கொத்துகளாகப் பிரித்துத் தந்தது. முப்பத்தொரு பேர் முதல் கொத்து, இருபத்திரண்டு பேர் இரண்டாவது, பதினோரு பேர் மூன்றாவது. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் கொடுத்தது இவளே. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அழகாக விலகி நின்றதைப் பார்த்துப் பேராசிரியர் கைதட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நேரலைத் திரை ஒன்றையும் செய்து மேலாளரின் அறைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தாள். அறுபத்து நான்கு எண்கள், ஒவ்வொன்றும் தன் கொத்தின் நிறத்தில். யாருடைய துடிப்பாவது நூற்று அறுபதைத் தாண்டினால் மணி அடிக்கும், உடனே அவரை வெளியே கூப்பிட்டு உட்கார வைக்கலாம். பாதுகாப்புக்காகத்தான். பெயர் ஒன்றுகூடத் திரையில் கிடையாது. எந்த எண் யார் என்கிற பட்டியல் ஆராய்ச்சிக் கூடத்துப் பூட்டிய அலமாரியில் இருந்தது.

“பட்டியலை யாருக்கும் குடுக்கலையே அண்ணி. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, சத்தியமா.”

“பட்டியல் எதுக்குடி அவனுக்கு?” அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “போன வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். ‘அம்மா, ரொம்ப வேர்க்குது போல இருக்கே, வெளிய போய் அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க’ன்னான். பத்து வருஷத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சியான்னு கேட்டதில்ல. மனுஷனுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு நான் சந்தோஷமா போய் உக்காந்தேன். மறுநாள் இன்னொருத்தியக் கூப்பிட்டான். அடுத்து இன்னொருத்தர். ஒவ்வொருத்தரா அஞ்சஞ்சு நிமிஷம்.”

வளையல்காரிக்குப் புரிந்துவிட்டது. ஒருவரை உட்கார வைத்துவிட்டு, திரையில் எந்தச் சிவப்பு எண்ணின் துடிப்பு இறங்குகிறது என்று அவன் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். பூட்டிய அலமாரி பூட்டியபடியே இருந்தது.

“பதினோரு பேரையும் இன்னைக்குக் காலைல வாசல்ல நிறுத்தி ஆளுக்கொரு தாள் குடுத்தான்” என்றாள் அண்ணி. “ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எல்லாம் ரெண்டாம் உருளைக்காரங்க. உள்ள குடுக்க நாலு பேர், வாங்கி மடிக்க நாலு பேர், வண்டி தள்ள மூணு பேர். ஏன்டி, நீ படிச்சவதானே, நீயே சொல்லு. உடம்பு சரியில்லாத பதினோரு பேரும் தேடிப் போய் ஒரே மெஷின்லயா நிப்போம்?”

வளையல்காரி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுடைய அட்டவணையில் வயது, எடை, எத்தனை வருட வேலை என்று பதினான்கு பத்திகள் இருந்தன. யார் எந்த இயந்திரத்தில் நிற்கிறார்கள் என்பதற்குப் பத்தி இல்லை. அவள் கேட்கவே இல்லை. மூன்று வாரம் தினமும் அந்த ஆலைக்குப் போனாள், பட்டைக்குச் சார்ஜ் போட்டாள், அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தாள். இதைக் கேட்கவில்லை.

“வாயத் திறந்து பேசேன். நான்தானே மேசை மேல ஏறி நின்னேன்? நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

* * *

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் பேராசிரியரின் அறையில் நின்றாள். அந்த அறை எப்போதும் குளிரும். அவர் நாற்காலியில் ஒரு கம்பளிச் சட்டை நிரந்தரமாகத் தொங்கும். சூட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் கம்பளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுநாள்வரை அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அன்று அதைக் கிழித்தெறியலாம் போல இருந்தது.

நடந்ததைச் சொன்னாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“வருத்தமான விஷயம்தான். ஆனா இதப் பாரும்மா, நாம யாரையும் வேலையை விட்டு எடுக்கச் சொல்லலையே. தரவு என்ன சொல்லுதோ அதைச் சொன்னோம். அதுக்கப்புறம் அவங்க நிர்வாகம்.”

“தரவு அப்படிச் சொல்லலை சார். நாமதான் அப்படிச் சொல்ல வச்சோம். ஆளுக்கு ஒரு புள்ளின்னு மூணு வாரத்தையும் சராசரி பண்ணிட்டோம். எந்த மெஷின்ங்கிறது அதுல காணாமப் போச்சு. மெஷினையும் சேர்த்து மறுபடி பண்ணணும்.”

“சேர்த்தா கொத்து கலைஞ்சிடும்.”

“கலையட்டுமே!”

“கட்டுரை அனுப்பியாச்சும்மா.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ உணர்ச்சிவசப்படுற. உங்க அண்ணி அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர். நியாயமா பாத்தா, உன்னை நான் இந்த வேலையிலேர்ந்தே எடுத்திருக்கணும்.”

ஆலையைப் பிடித்துக் கொடுக்கும்போது அண்ணி அண்ணியாக இருந்தது வசதியாக இருந்தது. இப்போது அதுவே குற்றம். அவளுக்குக் காதுமடல் சுட்டது. தலையைக் குனிந்தபோது அவர் மேசையில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான அழைப்பிதழ் கண்ணில் பட்டது. இன்னும் ஆறு ஆலைகளின் நிர்வாகிகள் வருகிறார்கள் என்று தெரியும். கூட்டத்தின் தலைப்பு அன்றுதான் தெரிந்தது: ‘வெப்பம் தாங்கும் பணியாளரை வேலைக்கு எடுக்கும் முன்பே அறிதல்.’

“இது எப்ப முடிவாச்சு சார்?”

“எது?”

“இந்தத் தலைப்பு.”

“ஆராய்ச்சின்னா நாலு பேருக்குப் பயன்படணும்மா” என்றார் அவர்.

அங்கிருந்து நேராக ஆலைக்குப் போனாள். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். திரையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

“வாங்க மேடம். உங்க சிஸ்டம் அருமை. ரெண்டாம் உருளைக்குப் புது ஆள் போட்டாச்சு. பதினோரு பேரும் பச்சை. மடிப்பு மேசைக்காரங்களையும் ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பாத்துப் பொறுக்கி எடுத்தேன். உங்க ஆராய்ச்சிப்படிதான்.”

“சார், தப்பு ஆளுங்க மேல இல்ல. அந்த மூலைல ஏதோ கோளாறு இருக்கு. உருளைக்கு மேல சூட்டை வெளிய இழுக்கிற புகைக்கூண்டையும் குழாயையும் திறந்து பாருங்க. அதுவரைக்கும் மெஷினை நிறுத்துங்க.”

“மின்விசிறி ஓடுது மேடம். சத்தம் கேக்குது பாருங்க.”

“சத்தம் கேட்டாப் போதுமா?”

“மெஷினுக்கு ஏது மேடம் உடம்பு?” மேலாளர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார். “கவலைப்படாதீங்க. என் மச்சானையே அங்கதான் போட்டிருக்கேன். வீட்டுக்காரி தம்பி. கட்டுமஸ்தான ஆளு.”

அவள் கீழே இறங்கி இரண்டாம் உருளையருகே போனாள். பத்து அடி தூரத்திலேயே காற்று முகத்தில் அறைந்தது. மூன்று வாரத்தில் ஒரு தடவையாவது இங்கே பத்து நிமிடம் நின்றிருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். புதிதாக வந்தவர்களிடம் அரைமணிக்கு ஒரு தரம் வெளியே வாருங்கள், தண்ணீர் குடியுங்கள், தலை சுற்றினால் நிற்காதீர்கள் என்று சொன்னாள். மேலாளரின் மச்சானை எல்லோரும் பயில்வான் என்று கூப்பிட்டார்கள். சட்டையின் கை அவன் புஜத்தில் தெறித்துக்கொண்டு நின்றது.

“எனக்காக்கா? நான் தினம் நூறு தண்டால் எடுக்கிறவன்” என்றான்.

* * *

அவள் தன் மேசைக்குத் திரும்பி வேலையை முதலிலிருந்து தொடங்கினாள். ஆளுக்கு ஒரு புள்ளி என்பதை அழித்தாள். ஆளுக்கு, மணிக்கு ஒரு புள்ளி என்று மாற்றினாள். அண்ணியிடம் போனில் கேட்டு, யார் என்றைக்கு எந்த இயந்திரத்தில் நின்றார்கள் என்று குறித்தாள். அண்ணி வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள், ஆனால் ஒருவரையும் மறக்காமல் சொன்னாள். உருளை பழுதாகி ஒன்றரை நாள் ஓடாதது, அன்று அந்தப் பதினோரு பேரும் மடிப்பு மேசையில் நின்றது, எல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. கணினியில் பார்த்தால் அந்த ஒன்றரை நாளும் பதினோரு பேரும் பச்சை. நாற்பத்தாறு வயது அண்ணியும் பச்சை. சராசரி அதை விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.

இன்னொரு பக்கம் நேரலைத் தரவு வந்துகொண்டே இருந்தது. புதன்கிழமை மதியத்துக்குள் புதிய பதினோரு பேரில் ஐந்து பேரின் புள்ளிகள் பச்சையை விட்டு நகர்ந்தன. வியாழக்கிழமை மதியத்துக்குள் பதினொன்றும் சிவப்பில் கிடந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சாட்சி சேருகிறது என்று மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. சேருகிற சாட்சி மனிதர்களின் இதயம். இரண்டு தரம் மேலாளருக்குப் போன் செய்து மெஷினை நிறுத்தச் சொன்னாள். “நாளைக்குக் கூட்டம் மேடம், பேசிக்கலாம்” என்றார். பேராசிரியருக்கு எழுதினாள். ‘கூட்டத்துக்குப் பிறகு விவாதிப்போம்’ என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு எண் இருபத்தாறு நூற்று ஐம்பத்திரண்டைத் தொட்டது. பயில்வான். மூன்று பத்துக்கு நூற்று அறுபத்து மூன்று. மேலாளர் அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும், அவர் ஓடி வருவார் என்று காத்திருந்தாள். துடிப்பு இறங்கவில்லை. போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். நூற்று அறுபத்தெட்டு. அண்ணிக்கு அடித்தாள்.

“அண்ணி, ஆலைல யார்கிட்டயாவது போன் இருக்கா? உடனே சொல்லுங்க, பயில்வானை வெளிய இழுக்கச் சொல்லுங்க. இப்பவே!”

அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை வைத்தாள். தன்னை வேலையை விட்டுத் துரத்தியவனின் மச்சான் என்று அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்பது வளையல்காரிக்குப் பிற்பாடுதான் உறைத்தது. முதல் உருளையில் நின்ற ஒரு பெண்ணுக்கு அண்ணி அடித்திருக்கிறாள். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறாள். போய்ப் பார்த்தால், பயில்வான் விரிப்பைப் பிடித்தபடியே கண் செருகி நிற்கிறான். இன்னும் அரை அடி சாய்ந்தால் உருளை. நான்கு பெண்கள் சேர்ந்து அந்த மலையை இழுத்துச் சரக்கு வாசலில் போட்டு, தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வாந்தி எடுத்தான். அரைமணி கழித்துத்தான், “அக்கா” என்றான்.

மேலாளர் அப்போது மாடியில் கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடித்துத் தொந்தரவாக இருக்கிறது என்று காலையிலேயே அதன் சத்தத்தை அணைத்திருந்தார்.

* * *

வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஆலையின் மாடியிலேயே நடந்தது. பேராசிரியர் பத்து நிமிடம் பேசினார். பிறகு, “விவரங்களை எங்க ஆய்வாளர் காட்டுவாங்க” என்று உட்கார்ந்தார். அவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த படங்களை அவள் திறக்கவில்லை. வேறொன்றைத் திறந்தாள்.

“இந்தப் பதினோரு சிவப்புப் புள்ளியும், வெப்பம் தாங்காத உடம்புன்னு செவ்வாய்க்கிழமை வேலையை விட்டு எடுத்த ஆளுங்க. இது, அதே பதினோரு பேர் அந்த மெஷினை விட்டுத் தள்ளி நின்ன ஒன்றரை நாள். எல்லாம் பச்சை. இது, அவங்களுக்குப் பதிலா நிறுத்தின பதினோரு பேர். செவ்வாய் பச்சை. வியாழன் சிவப்பு.”

“அது முதற்கட்டக் கணக்கு, இன்னும் சரிபார்க்கல” என்று பேராசிரியர் எழுந்தார். “அதை மூடும்மா.”

“மூட மாட்டேன் சார். இது இப்ப, இந்த நிமிஷம், நமக்குக் கீழ நடக்கிறது.” நேரலைத் திரையைப் பெரிதாக்கினாள். “கணினி பிரிச்சது சரிதான். ஆனா அது ஆளைப் பிரிக்கல, இடத்தைப் பிரிச்சிருக்கு. நாம ஆள்னு படிச்சோம். படிச்சது நான். என் கையால சிவப்பு பூசினேன். யாரை வேலைக்கு எடுக்கலாம்னு இதுலேர்ந்து கண்டுபிடிக்க முடியாது. எந்த மெஷின் ஆளைக் கொல்லுதுன்னு கண்டுபிடிக்கலாம். நேத்து ஒருத்தர் கிட்டத்தட்ட செத்தாரு.”

குரல் உடைந்தது. அழுகை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கடைசி வரிசையில் மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் மனைவி, தன் தம்பிக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டு, ஆலை வாசலிலேயே நின்று அவரைக் கிழிகிழியென்று கிழித்ததை ஆலையில் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

வந்திருந்த நிர்வாகிகளில் ஒரு பெண்மணி மட்டும் கேட்டார். “அந்தப் பதினோரு பேர் இப்ப எங்க?”

“ஒருத்தர் எங்க வீட்ல இருக்காங்க” என்றாள் வளையல்காரி. “மத்தவங்க எங்கன்னு எனக்குத் தெரியாது. அதையும் நான் கேக்கல.”

சனிக்கிழமை இரண்டாம் உருளையை நிறுத்திப் புகைக்கூண்டைக் கழற்றினார்கள். மேலே போகும் குழாய்க்குள் துணிப் பஞ்சு மெத்தை போல இறுகிக் கிடந்தது. கையை விட்டால் முழங்கைவரை பஞ்சு. மின்விசிறி இத்தனை நாளும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஒரு மூச்சுக் காற்றுகூட வெளியே போகவில்லை. நான்கு சாக்கு நிறைய எடுத்தார்கள். அவ்வளவும் பதினோரு பேரின் தலைக்கு மேல் இருந்தது.

அடுத்த வாரம் பதினோரு பேருக்கும் இன்னொரு தாள் வந்தது. ‘மறுமதிப்பீட்டின்படி தகுதியுள்ளவராகக் கண்டறியப்பட்டுள்ளீர்கள்.’ அண்ணி அதைப் படித்துவிட்டு நான்காகக் கிழித்தாள்.

“இவனுங்க யாருடி எனக்குத் தகுதி குடுக்க? பழுது குழாய்ல இருந்துச்சுன்னு எழுதத் துப்பில்ல. மறுபடியும் என் உடம்பத்தான் எழுதுறான்.”

திங்கட்கிழமை பதினோரு பேரும் சேர்ந்தே போனார்கள், ஆனால் உள்ளே போகவில்லை. திரை மேலாளர் அறையில் இருக்கக் கூடாது, கீழே கூடத்துச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும், அதில் ஆட்களின் எண் வேண்டாம், மெஷின்களின் எண்தான் வர வேண்டும் என்றார்கள். உள்ளே இருந்த ஐம்பத்து மூன்று பேரும் பட்டையைக் கழற்றி மடிப்பு மேசையில் வைத்தார்கள். பயில்வான்தான் முதலில் கழற்றினானாம். பத்தரைக்கு மேலாளர் சரி என்றார். தாளை மட்டும் மாற்றி எழுத மாட்டேன் என்றார். எழுதவும் இல்லை.

அன்று வளையல்காரியும் வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். அண்ணி அவளைப் பார்க்காத மாதிரி நின்றாள். வண்டி தள்ளுகிற ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவள், இவள் பேசி முடிக்கும்வரை கேட்டாள்.

“இவ்வளவு பெரிய படிப்புப் படிச்சியே. எங்கள்ல ஒருத்திய ‘எங்க சுடுதுக்கா’ன்னு கேட்டிருந்தா, முதல் நாளே கையக் காட்டியிருப்போமே.”

மன்னிச்சேன் என்று யாரும் சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை.

பேராசிரியர் பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றார். இரண்டே மாதத்தில் புதிய கட்டுரையை எழுதினார். நேரலைத் தரவின் மூலம் மறைந்திருந்த ஆபத்தைக் கண்டறிந்த முன்னோடி ஆய்வு என்று அதற்குப் பெயர். வரைபடங்கள் எல்லாம் இவள் போட்டவை. பதினோரு பேர் வேலை இழந்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ‘பங்கேற்பாளர்கள் தற்காலிகமாக இடமாற்றம் செய்யப்பட்டனர்’ என்று இருந்தது. அதைப் படித்த அன்று அவள் தன் பெயரை நீக்கச் சொல்லி எழுதிவிட்டு வேலையை விட்டாள். இடமாற்றமாம். வாசலில் நிறுத்தித் தாள் கொடுத்ததற்கு இடமாற்றம் என்று பெயர்.

வீட்டுக்கு வந்து ஆராய்ச்சி நெறிக்குழுவுக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். மூன்று பத்தி எழுதிவிட்டு அண்ணியிடம் படித்துக் காட்டினாள். பல நாள் கழித்து இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அன்றுதான். உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தாண்டி அதுவரை பேச்சில்லை. அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய் அலுத்திருந்தார்.

“என்ன எழுதியிருக்க? மாதிரி, மாறி, சராசரி... இது யாருக்குடி புரியும்?” என்றாள் அண்ணி.

“அவங்களுக்குப் புரியும் அண்ணி.”

“புரிஞ்சவங்க பண்ண வேலைதானே இது? அழி. நான் சொல்றத எழுது. எங்க உடம்ப அளந்தாங்க, எங்கள ஒரு வார்த்தை கேக்கலைன்னு எழுது. மேனேஜர் எங்கள உக்கார வச்சு எண்ணினான்னு எழுது. உன் பேரையும் எழுது.”

“என் பேரா?”

“பின்ன? திரையச் செஞ்சது யாரு?”

அவள் எழுதினாள். தன் பெயரை இரண்டாவது வரியிலேயே எழுதினாள். பதினோரு பேரிடமும் அண்ணி நடையாய் நடந்து கையெழுத்து வாங்கி வந்தாள். குழு நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. இனிமேல் அந்தக் கூடத்தின் நேரலைத் தரவு எந்த நிர்வாகத்தின் கைக்கும் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. பேராசிரியருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், புகார் கொடுத்தவளுக்கு அதன் நகல். அவர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இவளுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அண்ணி இரண்டையும் வாங்கிப் பார்த்தாள்.

“அவனுக்கும் உனக்கும் ஒரே அளவா?”

“ஆமா.”

“அநியாயம்டி” என்றாள் அண்ணி. சொன்னவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். அது யாருக்கு நடந்த அநியாயம் என்று அவள் சொல்லவில்லை. இவளும் பின்னால் போய்க் கேட்கவில்லை.